ஓட்டுப் போடாத ஜோடி

ஒரே கட்சிக்காரர்கள் இரண்டு பேர் ஒரே வீட்டில் குடியிருந்தால் சண்டைக்கு வழியேது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வாஷிங்டனில், நாடாளுமன்றத்துக்குப் பின்தெருவில் இருந்த அந்தச் செங்கல் வீட்டிலோ ஃப்ரிட்ஜுக்குள்ளேயே எல்லை பிரிந்திருந்தது. மேல்தட்டு லூசியானாவுக்கு, கீழ்தட்டு நெப்ராஸ்காவுக்கு, நடுவில் நீல டேப். வாங்கிப் போன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் எதிர்வீட்டு டாலிவர் அம்மாள் சமையலறை வரைக்கும் போய் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

மேல்தட்டுக்காரி கொரீன் ராபிஷோ. சத்தமாகப் பேசுவாள், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பாள். கீழ்தட்டு ஆர்டிஸ் கோல்டர்மனுடையது. அவள் பத்து வயது மூத்தவள், மென்மையானவள், ஆனால் நகர்த்த முடியாதவள். இருவரும் அந்தந்த மாநிலத்திலிருந்து தேர்வான கீழ்சபை உறுப்பினர்கள். வாரத் தொடக்கத்தில் ஊரிலிருந்து விமானத்தில் வருவார்கள், வார இறுதியில் திரும்பிப் போவார்கள். வாடகை கட்டுப்படியாகாமல் சேர்ந்து குடிவந்தவர்கள்தான். வருஷங்கள் போனதில் ஒருத்தி இருமினால் மற்றவள் வெந்நீர் வைக்கும் அளவுக்கு ஒட்டிப் போயிருந்தார்கள்.

அதில் கல்லைப் போட்டது அரசாங்கத்தின் செலவு மசோதா. இவர்கள் கட்சியே கொண்டுவந்த மசோதா, அதுவும் ஆர்டிஸ் குழுவில் உட்கார்ந்து வரி வரியாக எழுதியது. செலவு அதிகம் என்று அதை மறித்துக்கொண்டு நின்றதும் இவர்கள் கட்சியின் ஒரு கோஷ்டிதான். கொரீன் அந்தக் கோஷ்டியில் இருந்தாள். ஊரில் சர்ச் மண்டபம் மண்டபமாகப் போய், என் பிணத்தைத் தாண்டித்தான் இது நிறைவேறும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். எதிர்க்கட்சி மொத்தமும் எதிர்த்து ஓட்டுப் போடுவதாக அறிவித்துவிட்டு, வேடிக்கை பார்க்க வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமைக்குள் நிறைவேறாவிட்டால் அரசாங்க அலுவலகங்களுக்குப் பூட்டு. தெருவில் பாதிப் பேர் அரசாங்கச் சம்பளக்காரர்கள். அதனால்தான் ஃப்ரிட்ஜில் டேப் ஒட்டிய செய்திக்குக்கூட அவ்வளவு கிராக்கி.

வியாழக்கிழமை காலை கொரீன் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது ஆர்டிஸ் படிக்கட்டடியில் ஒரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, மடித்து வைத்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்குக் கிளம்பறியா?" வாரக் கடைசிக்குப் பிறகு கொரீன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"கிளம்பறதா இருந்தேன். இப்ப இல்லே."

"என்னாச்சு?"

"வெர்லினுக்கு நேத்து நெஞ்சு வலி வந்திருக்கு. இன்னிக்கு மத்தியானமே நெஞ்சைத் திறக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். கட்சித் தலைவர்கிட்ட போன் பண்ணிக் கேட்டேன். நீங்க ஒருத்தர் போனாலும் மசோதா கவுந்துடும், உங்க குழந்தைய நீங்களே கொன்னுடாதீங்கன்னார்."

வெர்லின் ஆர்டிஸின் புருஷன், ஊரில் மாட்டுப் பண்ணையோடு இருப்பவர். கொரீன் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவர் கூட யார் இருக்கா?"

"அவர் தங்கச்சி."

"அந்த எட்னாவா! அவ மூஞ்சியப் பாத்தாலே நல்ல நெஞ்சும் நின்னுடுமே."

ஆர்டிஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே வேறு ஏதோவாக மாறியது. கையிலிருந்த ஸ்வெட்டரை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"துணிய உள்ள வை," என்றாள் கொரீன். "நீ போ. நான் உனக்கு ஜோடி நிக்கறேன்."

அந்தச் சபையில் அப்படி ஒரு பழைய வழக்கம் உண்டு. ஓட்டுப் போட வர முடியாதவருக்கு, எதிர்ப்பக்கம் ஓட்டுப் போடவேண்டிய ஒருவர் ஜோடி நின்று தன் ஓட்டையும் விட்டுக்கொடுப்பார். இரண்டு ஓட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், யாருக்கும் நஷ்டமில்லை. எழுத்தில் எதுவும் கிடையாது, வாய்ச்சொல்தான். இப்போதைய உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

"உன் ஆளுங்க உன்னைச் சும்மா விடமாட்டாங்கடி."

"அட, எங்க பக்கம் கூட்டம் தாராளமா இருக்கு. உன் மசோதா எப்படியும் குப்புறத்தான் விழப்போகுது. அதை இங்க இருந்து பாத்தா என்ன, ஆஸ்பத்திரியில உக்காந்து கேட்டா என்ன?"

"திமிர் புடிச்சவளே," என்று சொல்லிவிட்டு ஆர்டிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிஜமா நிப்பியா கொரீன்? நீ நிக்கறேன்னு சொன்னாத்தான் நான் போவேன்."

"நிக்கறேன். போ. ப்ளேன் உனக்காகக் காத்துக்கிட்டு நிக்காது."

டாக்ஸி வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது கொரீன்தான். எதிர்வீட்டு ஜன்னலில் திரைச்சீலை விலகி, ரொம்ப நேரம் விலகியபடியே இருந்தது.

கொரீனுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் காலையில் போட்ட கணக்கு மத்தியானம் வரை தாங்காத ஊர் அது. அவள் வீட்டு வாசலில் டாடா காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கட்சித் தலைமை அவளுடைய கோஷ்டியை ஒவ்வொருவராகத் தனியறைக்குக் கூப்பிட்டது. ஒருவர் தொகுதிக்கு ஒரு பாலம் கிடைத்தது. ஒருவருடைய ஊர்த் துறைமுகத்தை ஆழப்படுத்த மண் வாரிக் கொடுப்பதாகச் சொன்னார்கள். கொள்கைக்காக உயிரையே விடுவேன் என்றிருந்த இன்னொருவர், விமானத்தளத்துக்குப் புதுக் கொட்டகை என்றதும் உயிரை வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்.

பிற்பகல் சபையில் ஓட்டெடுப்பு தொடங்கியதும், வழக்கப்படி கொரீன் முதலில் 'எதிர்ப்பு' என்று தன் ஓட்டைப் பதிந்தாள். ஜோடி நிற்பவர் அதைப் பிறகு எழுந்து திரும்பப் பெறவேண்டும். சுவரில் ஒளிர்ந்த ஓட்டுப் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். ஆதரவும் எதிர்ப்பும் சரிக்குச் சமமாக நின்றன. சமமாக நின்றால் மசோதா தோற்றது என்று அர்த்தம். அவள் தன் ஓட்டை எடுத்தாலோ ஜெயித்துவிடும்.

பக்கத்து இருக்கையிலிருந்து கோஷ்டித் தலைவர் ப்ளெட்சோ அவள் பக்கம் சாய்ந்தார். ஜோடி விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது.

"அசையாதேம்மா. உக்காந்தபடியே ஜெயிச்சிட்டோம்."

"வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு? இதை எழுதினவளுக்கு! ஜோடியெல்லாம் நம்ம தாத்தாக்கள் காலத்துச் சமாசாரம். மீறினா எந்த விதியும் உன்னை ஒண்ணும் கேக்காது."

"விதி கேக்காதுங்க. அவ புருஷன் நெஞ்சத் திறந்து வச்சிருப்பாங்க இந்நேரம். நான் நிப்பேன்னு நம்பித்தான் அவ அங்க போயிருக்கா."

"இந்த மசோதா தப்புன்னு நீதானே ஊரெல்லாம் சொன்னே?"

"இப்பவும் தப்புதான்," என்றாள் கொரீன். "வர்ற வருஷமும் எதுத்து ஓட்டுப் போடுவேன். அதுக்குள்ள ஊர் ஜனங்க என்னை வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்பிடுவாங்க."

எழுந்தாள். லூசியானாவின் பெரிய குரல் அன்று ஒலிபெருக்கியை எட்டவே சிரமப்பட்டது. "அவைத் தலைவர் அவர்களே, நெப்ராஸ்கா உறுப்பினருக்கு நான் ஜோடி நிற்கிறேன். அவர் இங்கே இருந்திருந்தால் ஆதரித்து வாக்களித்திருப்பார். நான் எதிர்த்து வாக்களித்தேன். என் வாக்கைத் திரும்பப் பெற்று, வந்திருக்கிறேன் என்று மட்டும் பதிவு செய்கிறேன்."

பலகையில் ஒரு சிவப்பு விளக்கு அணைந்தது. ஒரு பக்கம் கைதட்டல், ஒரு பக்கம் உறுமல். பாலம் வாங்கியவர் அவளைப் பார்த்துக் கொள்கையற்றவள் என்று முனகினார். ப்ளெட்சோ தன் கோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

நடைவழியில் மைக்குகள் காத்திருந்தன. கொரீன் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிப் போனை எடுத்தாள்.

"உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க," என்றாள் ஆர்டிஸ் எடுத்ததுமே. "கதவு வரைக்கும் கையப் பிடிச்சிட்டுப் போனேன். மாட்டுக்குத் தண்ணி வச்சாச்சான்னு கேட்டுக்கிட்டே போறார் மனுஷன்."

"எட்னா?"

"காப்பி வாங்கிட்டு வரச் சொல்லி அடுத்த கட்டடத்துக்கு அனுப்பிட்டேன்."

"நல்ல வேலை பண்ணினே."

ஆர்டிஸ் மெதுவாகக் கேட்டாள். "அங்க என்னாச்சு?"

"உன் பாழாப்போன மசோதா ஒரே ஓட்டுல ஜெயிச்சுது."

"ஒரே ஓட்டுலயா?" ஆர்டிஸ் வாழ்நாளெல்லாம் ஓட்டு எண்ணியவள். அவளுக்கு விளங்கச் சிறிது நேரம்கூட ஆகவில்லை. "அப்போ நீ... ஐயோ, கொரீன்."

"ஆரம்பிக்காதே. எனக்கு அழுகை வந்துடும்."

"எதுக்கு அழணும்?"

"தோத்துட்டேன்ல? வேற எதுக்கு அழுவாங்க!"

மைக்குகள் தூணைச் சுற்றிக்கொண்டு அவளைக் கண்டுபிடித்துவிட்டன. கொரீன் அவற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"கொரீன், அங்க உனக்கு வேலை இருக்குமே. போனை வைக்கட்டுமா?"

"வேண்டாம். டாக்டர் வெளியில வர்ற வரைக்கும் பிடிச்சிட்டிரு," என்றாள் கொரீன். "மத்தியானம் என்ன சாப்பிட்டேன்னு முதல்ல சொல்லு."