வெள்ளிமலையில் நிரப்பாத குழி

கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் போகிற சாலையில், மோட்டார் ரிவைண்டிங் கடைக்கு மேல்மாடியில் நான் ஒருமுறை செத்துப்போனேன். மத்தியானம் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட பிறகு நடந்ததால் அதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

அந்த மாடியில்தான் எங்கள் சபையின் வேதாகமப் பள்ளி இருக்கிறது. சாந்த சாட்சி சபை என்று பேர். கள்ளக்குறிச்சியிலேயே முக்கால்வாசிப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மீதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள். போதகராகப் போகிற பிள்ளைகள் அங்கே தங்கிப் படிப்பார்கள். ஏட்டுப் படிப்பு மட்டும் போதாது. கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் மூன்றையும் நடத்திக் காட்டவேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு நாற்காலிகளை மாப்பிள்ளை பெண்ணாக நிறுத்துவார்கள். ஞானஸ்நானத்துக்கு ஒரு தலையணையைத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். அந்தத் தலையணையில் தலைவைத்துப் படுத்த பையன் ஒருவனுக்கு அதன்பிறகு வாயில் பொய்யே வராமல் போய், நிலத்தரகு செய்த அவன் அப்பா வந்து அழுதுவிட்டுப் போனார்.

அடக்கத்துக்கு மட்டும் ஆள்தான் வேண்டும் என்பது முதல்வர் தெய்வசிகாமணி ஐயாவின் பிடிவாதம். "நாற்காலியப் பாத்து எவனுக்குய்யா அழுகை வரும்?" என்பார். பள்ளியின் காவல்காரக் கிழவன் நான், சாவி என்னிடம். உடம்பும் ஒடிசல், தூக்கச் சுலபம். ஆகவே பிணம் நான்தான்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எங்கள் சபையில் ஒரு ஆளைப் பேர் சொல்லி ஒரேயொரு தடவைதான் அனுப்பிவைக்கலாம். அதையும் குருப்பட்டம் பெற்ற போதகர்தான் செய்யலாம். அதனால் பயிற்சியில் என் பேரைச் சொல்லாமல் 'இன்னார்' என்பார்கள். பல வருஷம் இன்னாராகவே செத்து, எழுந்து, காப்பி குடித்து வந்தேன்.

அந்த வருஷம் பரீட்சைக்கு நின்றவன் கவியரசன். வெள்ளிமலைக்கு அந்தப்புறம் அவன் ஊர். அங்கே சபை உண்டு, போதகர் இல்லை. அவன் அப்பாவைப் புதைத்தபோதுகூட ஜெபம் பண்ண ஆள் வரவில்லையாம். அதற்காகவே படிக்க வந்தவன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் குருப்பட்டம். பார்ப்பதற்கு ஊரார் ஜீப் பேசிவிட்டார்கள். இந்தப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி.

நான் பெஞ்சில் படுத்தேன். அவன் தொடங்கினான். பாதியில் ஐயாவுக்குப் போன் வர, படிக்கட்டுப் பக்கம் போனார். எனக்குக் கண் சொக்கியது. பையன் உருகிப்போய்விட்டான். கண்ணீர் என் நெற்றியில் சொட்டி அரைக்கண் விழித்தேன். அந்த வேகத்தில், "எங்கள் சகோதரன் செல்லமுத்துவை உமது கையில் ஒப்புக்கொடுக்கிறோம்" என்று சொல்லி முடித்துவிட்டான். ஐயா போனோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"டேய், பேரச் சொல்லிட்டியே!"

"வாய்ல வந்துடுச்சுங்க ஐயா."

"இது செல்லும்னா, பட்டம் வாங்காதவன் அடக்கம் பண்ணியிருக்க. ஒனக்குப் பட்டமே கெடையாது. செல்லாதுன்னா பரீட்சைய ஒழுங்கா செய்யல. பெயிலு. அப்பவும் பட்டம் கெடையாது."

"அப்ப நான் எதுலங்க நிக்கறது?"

ஐயா போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"அப்ப நானு?" என்று பெஞ்சிலிருந்து கேட்டேன்.

"நீங்க கொஞ்ச நேரம் சும்மா படுங்க. உங்களப் பத்தி இன்னும் முடிவாகல."

சனிக்கிழமை மூப்பர்கள் கூடினார்கள். திருக்கோவிலூரிலிருந்து வந்த ரங்கம்மாள் அக்காதான் தலைமை; நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கவியரசன் மூலையில் நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். ஊருக்குப் போன் போட்டு ஜீப் வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆளாளுக்குப் பேசினார்கள். செல்லும் என்றவர் சாயங்காலத்துக்குள் செல்லாது என்றார். செல்லாது என்றவர், அப்படியானால் பட்டமில்லாதவர் தன் தாத்தாவை அடக்கம் பண்ணினதும் செல்லாதா என்று கலங்கினார். பையன் முகத்தைப் பார்த்தேன். எழுந்துவிட்டேன்.

"ஒரு விஷயம் சொல்லணுங்க. நான் நெஜமாவே செத்துட்டேன்."

ரங்கம்மாள் அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "எப்ப?"

"அவன் பேர் சொல்றதுக்குக் கொஞ்சம் முன்ன. வாசல் வரைக்கும் போயிட்டேன். பஸ் ஸ்டாண்டு மாதிரி கூட்டம். உள்ள கால வெக்கறேன், பின்னால செல்லமுத்துன்னு ஒரு சத்தம். திரும்பி வந்துட்டேன். இன்னார்னு சொல்லியிருந்தா அங்க ஆயிரம் இன்னார் நிக்கறான், நான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நாடி பாத்தது யாரு?"

"அப்ப அங்க உயிரோட இருந்தது அவன் ஒருத்தன்தான். அவனும் அழுதுகினு இருந்தான்."

ரங்கம்மாள் அக்கா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஆபத்து நேரத்தில் போதகர் இல்லாவிட்டால் விசுவாசி எவனும் அடக்கம் பண்ணலாம் என்று எங்கள் சபையில் ஒரு விதி இருக்கிறது. ஐயா போனில் இருந்ததால் போதகர் இல்லை. நான் செத்ததால் ஆபத்து நேரம். ஆகவே குற்றமில்லை. பெயிலும் இல்லை. செத்தவனைக் கூப்பிட்டு வரவழைத்ததற்கு எத்தனை மார்க் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. பாஸ் என்று விட்டுவிட்டார்கள். கவியரசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். நன்றியா, பயமா, எனக்குப் புரியவில்லை.

பட்டம் வாங்கி மலையேறினான். கதை அவனுக்கு முன்னால் ஏறிவிட்டது.

தை முடிகிற சமயம் அவனிடமிருந்து போன். "தாத்தா, இருசப்பன் மாமா தவறிட்டாருங்க. ஜெபம் முடிச்சிட்டேன். குழியில எறக்கிட்டோம். மண்ணு தள்ள மாட்டறாங்க."

"ஏன்?"

"எழுந்துக்குவாருன்னு காத்துகினு இருக்காங்க. பேரச் சொல்லி இன்னொரு வாட்டி கூப்புடு சாமின்றாங்க. நீங்க நெஜமா செத்தீங்களா இல்லையா? எனக்கே கொழப்பமா கீது."

"தூங்கிட்டேன்டா."

"அத இங்க வந்து சொல்லுங்க."

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அன்றைக்கு மலை வளைவுகள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தன. கல்லறைத் தோட்டத்தில் குழியைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தார்கள். ஒருவர் என் கையைத் தொட்டுப் பார்த்து, "சூடாத்தான் இருக்கு" என்று பின்னால் இருந்தவரிடம் சொன்னார்.

"அய்யா, நான் சாகலீங்க. தூங்கினேன்," என்றேன்.

"இவ்ளோ அடக்கமா பேசறாரே," என்றது கூட்டம். இருசப்பனின் மனைவி காசியம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் 'எழுந்திரு, எழுந்திரு' என்று அசைந்தது. என் வாழ்க்கையில் நான் விட்ட கதைகளில் எதற்கும் இத்தனை நல்ல ஆள் ஏமாந்ததில்லை.

கவியரசன் முன்னால் வந்தான். அங்கியைக் கழற்றி மடித்து ஒரு கல்மேல் வைத்தான்.

"அத்தே, இங்க பாரு. இவரு சாகல. நான் பரீட்சையில தப்பு பண்ணேன். சொல்லக்கூடாத பேரச் சொல்லிட்டேன். இவரு என்னைக் காப்பாத்தக் கதை விட்டாரு. நான் சும்மா இருந்துட்டேன். எனக்குப் பட்டம் செல்லுமா செல்லாதான்னு எனக்குத் தெரியல. மாமா எழுந்துக்க மாட்டாரு. எனக்கு அது முடியாது."

பட்டம் பார்க்க ஊராரை ஏற்றிவந்த ஜீப்காரர் வண்டியை ஓரங்கட்டுவதுபோல் நழுவினார். பையன் தலை குனிந்து நின்றான். மலையேற்றிவிட்ட ஊர் அவனை இறக்கிவிடப்போகிறது என்று நினைத்தேன்.

காசியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்ப பெயிலா?"

"ஆமா அத்தே. பெயிலுதான்."

"ஒங்கப்பனுக்கு ஜெபம் பண்ண பெயிலானவன்கூட வரல," என்றாள். கல்மேல் இருந்த அங்கியை எடுத்து உதறி அவன் தோளில் போட்டாள். "பொழுது சாயுது. மண்ணத் தள்ளு."