ஒயினுக்கு மாப்பிள்ளை பார்த்த அப்பா

என் அப்பாவுக்கு ஒயின் செய்யத் தெரியும், விற்கத் தெரியாது. வாங்க வருகிறவர்களை விரட்டத் தெரியும். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளே இல்லை.

எங்கள் குடும்பத் தோட்டத்துச் சிவப்பு ஒயின் என்றால் சும்மா இல்லை. ஒரு வாய் குடித்தால் முதலில் நாக்கை லேசாக இறுக்கிப் பிடிக்கும், பிறகு மனசு வந்து விட்டுக்கொடுக்கும். போன வருடம் அது அவ்வளவு அருமையாக அமைந்ததே எங்களுக்குச் சனியனாக வாய்த்தது. ஒரு பாட்டிலைக்கூடக் கைவிட அப்பாவுக்கு மனம் வரவில்லை. நிலவறை நிறைந்து, நடை நிறைந்து, அண்ணன் கட்டிலுக்கு அடியிலும் பெட்டிகள். வைக்க இடமில்லாமல் மிச்ச ஒயின் பீப்பாய்களிலேயே கிடந்தது. இந்த வருடப் பழமோ கொடியில் பழுத்துவிட்டது. பீப்பாய் காலியாகாவிட்டால் அத்தனை பழத்தையும் ஜூஸ் கம்பெனிக்கு அனுப்பிவிடுவேன் என்று அண்ணன் சொல்லிவிட்டான். வருடம் முழுக்க நானும் அவனும் வெயிலில் காய்ந்து வளர்த்த பழம்.

கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் இருக்கிறேன், ஆனால் விற்பனை என் பொறுப்பு. காலில் விழாத குறையாக ஒரு ஓட்டல் முதலாளியைக் கூட்டிவந்தேன். மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார், மகராசன். அப்பா அவருக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து ஆரம்பித்தார். எங்கே வைப்பீர்கள், வெயில் படுமா, படுக்க வைப்பீர்களா நிற்க வைப்பீர்களா, திறக்கிறவருக்குக் கை நடுங்குமா. முதலாளி பாவம், பொறுமையாகத்தான் பதில் சொன்னார். சமையலறைப் பரண் என்றதும் அப்பாவின் முகம் சுருங்கியது. கேட்பவர்களுக்கு ஐஸ் போட்டுத் தருவோம் என்றதும் அவர் கையிலிருந்த கிளாஸையே பிடுங்கிக்கொண்டார். பிடுங்கியதோடு நிற்காமல் தானே குடித்தும் விட்டார்.

முதலாளி எழுந்துவிட்டார். நான் ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றேன். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்தது.

"என்னைக் கட்டிக் குடுக்கும்போது இதுல ஒரு கேள்வியாவது கேட்டீங்களாப்பா? வண்டி ஓட்டத் தெரியுமான்னு மட்டுந்தானே அவரைக் கேட்டீங்க?"

அப்பா கிளாஸைக் கீழே வைத்தார்.

"உன்னைப் பத்தி எனக்கு என்னம்மா பயம்? சரியில்லன்னா அங்கயே நின்னு சண்டை போடுவே. இல்ல, பொட்டியத் தூக்கிட்டு வந்து என்னைத் திட்டுவே. இது வாயில்லாதது. அந்தப் பரண்ல கிடந்து வெந்து போனாலும் யார்கிட்டப் போய்ச் சொல்லும்?"

கோபமாக இருந்ததே எனக்கு மறந்துபோனது. சரி, அதற்கு வாயாக நான் இருக்கிறேன் என்றேன். மாதம் ஒருமுறை ஓட்டலுக்குப் போவேன், பரணில் ஒரு பாட்டில் கண்ணில் பட்டாலும் சாப்பிட வந்தவர்கள் முன்னால் மானத்தை வாங்கிவிடுவேன் என்றேன். முதலாளி கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மாடிப்படிக்கு அடியில் குளுகுளுவென்று ஓர் அறை சும்மா கிடக்கிறது, அதை ஒழித்துத் தருகிறேன் என்றார். அப்பா இன்னொரு கிளாஸ் எடுத்து, ஊற்றி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

அந்த வாரமே மிச்சத்தையும் பாட்டிலில் அடைத்து லாரியில் ஏற்றினோம். அண்ணன் விசிலடித்துக்கொண்டே பீப்பாய் கழுவப் போய்விட்டான். லாரி கண்ணுக்கு மறைந்த பிறகும் அப்பா வாசலிலேயே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சாயங்காலம் மாப்பிள்ளைய வரச் சொல்லு. கேக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு."