இடது காதில் ஒரு கசிவு

திங்கட்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வீட்டில் எங்கோ தண்ணீர் கசிகிற சத்தம் கேட்டது. மெல்லிய, விடாத ‘ஸ்ஸ்’ சத்தம். அதை நான் தவறவிடுவேனா? பதினேழு வருடமாகச் சாலைக்கு அடியில் ஓடும் குழாய்களில் கசிவு கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையை இடது காதில் வைத்துக் கேட்பேன். கசிகிற இடத்தில் நீலச் சாயத்தால் வட்டம் போடுவேன். அந்த வட்டத்துக்குள் தோண்டுவார்கள். இப்போது மிஷின்கள் வந்துவிட்டன, ஆனால் மிஷின் குழம்பினால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அலுவலகத்தில் எனக்குப் பாம்புக்காது என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னாலும் எனக்குக் கேட்டுவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அப்படிப்பட்டவள் வீட்டிலேயே கசிவென்றால் மானம் போகாதா? கம்பியை எடுத்துவந்து குளியலறைக் குழாயில் வைத்துக் கேட்டேன். வாஷிங் மெஷினுக்குப் போகும் குழாயில் கேட்டேன். சுவரில் கேட்டேன். எங்கே வைத்தாலும் அதே சத்தம், அதே அளவு. கடைசியில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் படுத்து அங்கிருந்த குழாயைக் கழற்றினேன். என் வீட்டுக்காரர் வந்து குனிந்து பார்த்தார்.

“குழாய் நல்லாத்தானே இருந்துது. நீ கழட்டினதுக்கு அப்புறம்தான் ஒழுகுது.”

“சும்மா இருங்க. சத்தம் கேக்குதுல்ல?”

“எனக்கு ஒண்ணும் கேக்கல. எனக்கென்ன உன் காதா இருக்கு?”

வெளியே போய் மெயின் வால்வை மூடினேன். வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடவில்லை. சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இடது காதை விரலால் அடைத்துப் பார்த்தேன். சத்தம் இன்னும் பெரிதானது. கசிவு குழாயில் இல்லை, என் காதுக்குள். தொட்டிக் குழாயை மறுபடி மாட்டிவிட்டு, சரியாகிவிட்டது என்று அவரிடம் சொன்னேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், பயம். வேறென்ன? அடுத்த மாதம் அலுவலகத்தில் வருடாந்திரக் காதுப் பரிசோதனை. அதில் தேறாதவர் கையில் கம்பி இருக்காது. புகார் எழுதிக்கொள்ளும் மேஜையில் உட்கார வைத்துவிடுவார்கள். ‘எங்க தெருவுல தண்ணி வரல’ என்று நாளெல்லாம் போனில் ஏச்சு வாங்க எனக்குப் பொறுமை கிடையாது. அதைவிட, அந்தக் கம்பி இல்லாவிட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது. காது இரைகிறது என்று போய்க் கேட்டதற்கு, மருந்துக்கடைக்காரர் பார்க்காமலே அழுக்கு அடைத்திருக்கும் என்று சொட்டு மருந்து கொடுத்தார். அந்த வார்த்தை எனக்கு வசதியாக இருந்தது. மூன்று வேளையும் விட்டுக்கொண்டேன். புதன்கிழமை காதுக்குள் பஞ்சை வைத்து அடைத்தது போலிருந்தது. பஞ்சுக்கு உள்ளே அந்தச் சத்தம்.

வியாழக்கிழமை விடியற்காலை, சாலையில் வண்டிகள் ஓட ஆரம்பிப்பதற்கு முன், ஒரு ரொட்டிக்கடை வாசலில் கம்பியை ஊன்றினேன். கசிந்தது. பத்தடி தள்ளி ஊன்றினேன். அங்கேயும் கசிந்தது. தெரு முழுக்கக் கசிந்தது. வலது காதுக்கு மாற்றிக் கேட்டிருக்கலாம். ஆனால் தோண்டும் ஆட்களின் மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார். பாம்புக்காது காதை மாற்றுகிறது என்றால் சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிடும். சத்தம் கொஞ்சம் கூடுதல் போலத் தோன்றிய இடத்தில் வட்டம் போட்டேன்.

இரண்டு மணிநேரம் தோண்டினார்கள். மேஸ்திரி குழிக்குள் இறங்கிக் குழாயைக் கையால் தடவிப் பார்த்தார். உள்ளங்கையை மேலே தூக்கி எனக்குக் காட்டினார். வெறும் மண் ஒட்டியிருந்தது.

“அக்கா, காஞ்சு கெடக்கு.”

“இன்னும் ஓரடி தள்ளித் தோண்டச் சொல்லுங்க.”

தோண்டினார்கள். அங்கேயும் காய்ந்த மண். பிறகு மிஷினைக் கொண்டுவந்து, நாற்பது அடி தள்ளிக் கண்டுபிடித்தார்கள். மேஸ்திரி மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

“உடம்புக்கு முடியலையாக்கா?”

“எனக்கென்ன கேடு? குண்டுக்கல்லாட்டம்தான் இருக்கேன். உங்க வேலையைப் பாருங்க.”

எரிந்து விழுந்தேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழியை மூடப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. இத்தனை வருடத்தில் அவர் என் வட்டத்தைச் சந்தேகப்பட்டதே இல்லை. அன்றும் அவர் என் உடம்பைத்தான் விசாரித்தார், அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

சனிக்கிழமை காது டாக்டரிடம் போனேன். அழுக்கு எடுக்கத்தான் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். அவருக்கு அன்று லீவு, கூடவே கிளம்பி வந்துவிட்டார். டாக்டர் என்னைவிடச் சின்னவர். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “அழுக்கெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. கேக்கற டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டு வாங்க” என்றார்.

கெட்டியான கதவு போட்ட சின்ன அறை. தலையில் ஹெட்ஃபோன், கையில் பொத்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெஸ்ட் எடுக்கும் பெண். “எவ்வளவு சின்ன சத்தமா இருந்தாலும் கேட்ட உடனே அழுத்துங்க” என்றாள். இதை நான் வருடா வருடம் செய்கிறேன். வலது காதுக்கு எல்லாம் கேட்டது. இடது காதுக்கு மாற்றினாள். ‘ஸ்ஸ்’ தவிர ஒன்றுமில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒவ்வொரு முறை சத்தம் அனுப்பும்போதும் அவள் முழங்கை லேசாக அசைந்தது. முழங்கை அசைந்தது, நான் அழுத்தினேன். மறுபடி அசைந்தது, மறுபடி அழுத்தினேன். குணப்படுத்திக்கொள்ளத் தேடிவந்த டாக்டரிடமே பாஸ் மார்க் வாங்கப் பார்த்தேன். பழக்கதோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம். புத்தி கெட்டத்தனம் என்பதுதான் சரி.

டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார். “ரெண்டு காதும் நல்லாத்தான் இருக்கு. இந்த இரைச்சல் சில பேருக்கு வரும், பழகிக்கணும். மூணு மாசம் கழிச்சு வாங்க.” தாளை மடித்து என்னிடம் நீட்டினார். “திடீர்னு காது மந்தமாகி இரைச்சல் வந்திருந்தா இன்னிக்கே மாத்திரை ஆரம்பிச்சிருப்பேன். அதுல நாள் தள்ளத் தள்ள, போனது திரும்பாது. நல்லவேளை, உங்களுக்கு அப்படி இல்ல.”

தாளை வாங்கிக்கொண்டு எழுந்தேன். தேறிவிட்டேன். இதைக் கொண்டுபோய் அலுவலகத்தில் காட்டினால் ஒரு வருடத்துக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கதவு வரை போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். அடுத்த ஆள் உள்ளே வரலாம் என்று டாக்டர் மணியை அழுத்தினார். மணிச்சத்தம் வலது காதில் மட்டும் விழுந்தது, இடது பக்கத்தில் கொஞ்சமும் விழவில்லை.

“டாக்டர், நான் ஏமாத்திட்டேன்.”

“என்னது?”

“எனக்குக் கேக்கல. அந்தப் பொண்ணோட கையைப் பாத்துப் பாத்து அழுத்தினேன். இடது காதுல ஒண்ணுமே கேக்கல.”

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கிக் கிழித்தார்.

இந்த முறை அந்தப் பெண் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். எதிரே வெறும் சுவர். அழுத்து அழுத்து என்று விரல் துடித்தது. கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டேன். ‘ஸ்ஸ்.’ இப்போது அவள் சத்தம் அனுப்பியிருப்பாள். ‘ஸ்ஸ்.’ இப்போதும் அனுப்பியிருப்பாள். ஒவ்வொன்றையும் நான் தோற்றுக்கொண்டிருந்தேன், தோற்பது தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. வெகுநேரம் கழித்து எங்கோ தொலைவில் மங்கலாக ஏதோ கேட்டது. அழுத்தினேன். அது அந்த மிஷினின் மிகப் பெரிய சத்தங்களில் ஒன்று என்று பிறகு சொன்னாள்.

“எப்ப ஆரம்பிச்சுது?” என்று டாக்டர் கேட்டார்.

“திங்கக்கிழமை.”

“ஆறு நாள்.” எழுதிக்கொண்டே பேசினார். “மாத்திரையை இங்கயே வாங்கி இப்பவே போட்டுக்கோங்க. முழுசா திரும்பலாம், பாதி திரும்பலாம், திரும்பாமயும் போகலாம். இரைச்சலும் அப்படித்தான், இப்ப எதுவும் சொல்ல முடியாது. வியாழக்கிழமை மறுபடியும் டெஸ்ட்.”

“நான் காதை வெச்சு வேலை செய்யறவ டாக்டர்.”

“அப்ப முதல் நாளே வந்திருக்கணும்.”

வெளியே வந்தேன். வீட்டுக்காரர் எழுந்து வந்து என் இடது பக்கத்தில் நடந்தபடி ஏதோ சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது. அந்த வாரம் முழுக்கச் செய்ததுபோலத் தலையாட்டப் போனேன். ஆட்டவில்லை. நடுவழியில் நின்றேன்.

“அந்தப் பக்கம் எனக்குக் கேக்கலங்க. இந்தப் பக்கம் வாங்க.”

அவர் அப்படியே நின்று என்னைப் பார்த்தார். பிறகு சுற்றி வந்து என் வலது பக்கம் நின்றார். போகிற வருகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போக, மாத்திரைச் சீட்டைக் கையில் பிடித்தபடி, திங்கட்கிழமை காலையிலிருந்து ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னேன்.