உங்க பக்கம்தான் கோளாறு

இணைப்பு மறுபடி அறுந்ததும் அவள் ஹெட்போனைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள். சுவரில்தான் எறிந்திருப்பாள்; புதிது என்பதால் கட்டிலுக்குப் போனது. ரவுட்டரின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து உயிர் வருவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும்.

கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் மூக்குக்குச் சட்டம் பொருத்துகிறவள். வாடிக்கையாளர் ஏவுவார், முதலாளி ஏவுவார். மாலையில் அந்த ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டுக்குள் நுழைந்தால் மட்டும் அவள் ஏவுவாள். எங்கே பதுங்குவது, எப்போது பாய்வது, எல்லாம் அவள் வாய்ச்சொல். முகமறியாத நாலு பேர் அப்படியே கேட்பார்கள். இந்த வீட்டில் அவள் சொன்னால் குக்கர்கூடக் கேட்காது.

அந்த நாலு பேர்தான் இப்போது அவளுக்கு ‘இழுவை’ என்று பட்டம் கட்டியிருந்தார்கள். அவள் குண்டடி பட்டு விழும்போதெல்லாம் இணைப்பும் கூடவே விழுந்தது. நெட் இழுப்பதால்தான் குண்டடி படுகிறோம் என்று அவள் அடித்துச் சொன்னாள். நால்வரில் அணியைச் சேர்த்தவன் கேட்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை தகுதிப் போட்டி. அன்னைக்கும் நீ பாதியில காணாமப் போனா, உன் இடத்துல வேற ஆளப் போட்டுருவோம். கோவிச்சுக்காத, இழுவை.”

கோவிச்சுக்காதயாம்!

அவள் செய்து பார்க்காதது இல்லை. அலமாரி மேல் கிடந்த ரவுட்டரை இறக்கி வைத்தாள். வைஃபையே வேண்டாமென்று கூடத்திலிருந்து தன் அறைவரை கேபிள் இழுத்து டேப் ஒட்டினாள். உதவி எண்ணைக் கூப்பிட்டால் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் வந்த லைன்காரர் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, “லைன் சுத்தமா இருக்கும்மா. உங்க பக்கம்தான் கோளாறு” என்று சொல்லி, அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அம்மா தண்ணீர் கொடுத்ததற்கும் சேர்த்து.

சனிக்கிழமை பயிற்சி ஆட்டத்தின்போது அறைக்கதவை விரியத் திறந்துவைத்தாள். ரவுட்டரில் எந்த விளக்கு முதலில் அணைகிறது என்று பார்த்துவிட்டால் கோளாறு பிடிபட்டுவிடும். ஆட்டம் சூடுபிடித்தது. எவனோ பின்னாலிருந்து சுட்டான்.

“செத்துட்டேன்! செத்துட்டேன்!” என்று கத்திக்கொண்டே கூடத்தைப் பார்த்தாள்.

எல்லா விளக்குகளும் ஒன்றாக அணைந்தன. பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள், ஒரு கையில் கரண்டி, மறு கை சுவிட்சின்மேல்.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

“நீதானா? இத்தன நாளும் நீதானா! லைன்காரருக்குத் தண்ணி கொடுத்தியே, வாயத் திறந்தியா? ஆளாளுக்கு என்ன இழுவைன்னு கூப்பிடுறாங்கம்மா!”

“வாயில வர்ற வார்த்தையா அது?”

“எது?”

“நீ கத்துறது.”

“செத்து…”

“சொல்லாதடி!” அம்மாவுக்கும் இப்படிக் கத்த வரும் என்று அப்போதுதான் தெரிந்தது.

“அது விளையாட்டும்மா! கொஞ்ச நேரத்துல திரும்பி வந்துடுவோம்!”

“உங்கப்பாவும் விளையாட்டாத்தான் சொல்லுவாரு. வேலைவிட்டு வந்து நாற்காலில சாயும்போதெல்லாம் அதே வார்த்ததான். நானும் சிரிப்பேன். அன்னைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் தண்ணி எடுத்துட்டு வந்தேன்.” கரண்டியை ரவுட்டர் பக்கத்தில் வைத்தாள். “அவரு திரும்பி வரல.”

அப்பா நாற்காலியில் போனார் என்பது அவளுக்குத் தெரியும். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார் என்பது தெரியாது.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா சிரிப்பே. இத அணைச்சா எழுந்து வந்து கத்துவே. நீ கத்துனா, சரி, நல்லாத்தான் இருக்கான்னு எனக்குக் கை வேலையில ஓடும்.”

அவள் கோபம் இம்மியும் குறையவில்லை. அதை எடுத்துக்கொண்டு யாரிடம் போவது என்றுதான் தெரியவில்லை. அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். இடுக்கில் கேபிள் நசுங்கியது, அதையும் திட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்தே இருந்தது. ஹெட்போனை ஒரு காதில்தான் மாட்டியிருந்தாள். மறு காதில், அம்மா பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவுவது கேட்டது. முதல் சுற்றிலேயே எதிரி அவளை மூலையில் மடக்கிச் சுட்டான். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாத்திரச் சத்தம் நின்றது.

பல்லைக் கடித்தாள். இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

“போயிட்டு வர்றேன்!”

நாலு பேரும் சிரித்தார்கள். “எங்க இழுவை, கடைக்கா?”

“ஆட்டத்தப் பாருங்கடா!”

ரவுட்டரில் எல்லா விளக்குகளும் எரிந்தன. அடுப்படியிலிருந்து, வாசலில் செருப்பு மாட்டுகிறவளுக்குச் சொல்வதுபோல, அம்மாவின் குரல் வந்தது.

“சரி, சீக்கிரம் வந்துடு.”