மஞ்சள் பூட்டின் சாவி

சங்கரி பூட்டுக் கடைக்குள் ஏறும்போது மணி நாலரை. ஐந்து மணிக்கு போலீஸ் ஸ்டேஷனில் இருக்க வேண்டும். அண்ணன் ஆவுடைநாயகம் பைக்கை விட்டு இறங்காமலே சொன்னான்: "வெரசா வாங்கிட்டு வா. அவிய நமக்காகக் காத்துக் கெடக்க மாட்டாவ."

அங்கே அவள் போடவேண்டியது ஒரு கையெழுத்து. அவள் சைக்கிளைத் திருடியது பஞ்சர் கடை பிச்சைக்கண்ணுதான் என்று எழுதிய தாளில்.

அவள் வேலை பார்க்கும் கங்கைகொண்டான் கம்பெனியின் வேன் காலை ஆறு மணிக்கு, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் வந்து நிற்கும். வீட்டிலிருந்து விலக்குக்கு மூன்று கிலோமீட்டர். சைக்கிளைப் பிச்சைக்கண்ணுவின் கடையோரம் பூட்டிவிட்டு ஏறினால், திரும்ப சாயங்காலம்தான் அதைப் பார்ப்பாள். பத்து மணிக்கு அந்த இடத்தில் வெயில் விழும். "டயரு வெடிச்சிரும் தாயி. ஒரு சாவிய எங்கிட்ட போட்டுட்டுப் போ, நெழலுக்கு நகத்திப் போடுதேன்" என்று அவர்தான் கேட்டார். இரண்டு வருஷம் நகர்த்திப் போட்டார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வந்து இறங்கினால் சைக்கிள் இல்லை. அறுத்த சங்கிலி, உடைத்த பூட்டு, எதுவும் தரையில் கிடக்கவில்லை.

"நான் சாப்பிடப் போயிருந்தேன் தாயி" என்றார் பிச்சைக்கண்ணு. அவ்வளவுதான் சொன்னார்.

பூட்டுக்கு இரண்டே சாவி. ஒன்று அவளிடம், ஒன்று அவரிடம். அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது. விலக்கில் நாலு பேர் பார்க்க அவர் சட்டையைப் பிடித்து ஓர் அறை கொடுத்தான். அவர் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை. அந்த மௌனத்தை இத்தனை நாளும் வேனில் போகும்போதும் வரும்போதும் அவள் மனசுக்குள் புரட்டிக்கொண்டே இருந்தாள். அடிப்பக்கம் என்ன இருக்கிறதென்று பிடிபடவில்லை. பெயர் போட்டு எழுதிக் கொடுத்தால்தான் வழக்காக எடுத்து விசாரிக்க முடியும் என்று ஸ்டேஷனில் சொல்லி, இன்றைக்கு அவரையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

"புது வண்டியா? எங்கன நிப்பாட்டுவ?" என்றார் கடைக்காரர் மாரிக்கண்ணு.

"விலக்குல, அண்ணாச்சி. பகல் பூரா நிக்கும்."

அவர் ஒரு நம்பர் பூட்டை எடுத்துப் போட்டார். "சாவியே வேண்டாம். ஆனா நம்ம ஆளுக பொறந்த வருசத்தத்தான நம்பரா வைக்காவ? களவாணி ரெண்டு திருப்பு திருப்புனா போதும்." அடுத்து ஒரு கனத்த இரும்பு வளையம். "இத மாட்டுனா யானையும் நிக்கும். வெல கூட. முன்ன எது போட்டிருந்த?"

கடை முகப்பில் கம்பியில் கோத்துத் தொங்கிய மஞ்சள் சங்கிலிப் பூட்டுகளைக் காட்டினாள்.

"அதயும் பாரேன். புதுச் சரக்கு." மாரிக்கண்ணு கல்லாவுக்கு அடியில் குனிந்தார். "சாவிக்கொத்த எங்கன வச்சுத் தொலைச்சேன்..."

சங்கரியின் வீட்டுச் சாவியோடு அந்தப் பழைய சாவியும் கிடந்தது. கறுப்புத் தலை. அதே மாதிரி பூட்டுத்தானா என்று பார்க்க, முதல் பூட்டில் நுழைத்தாள். கை தானாகத் திருப்பியது.

டக்.

பூட்டு வாயைப் பிளந்து தொங்கியது. அவள் அடுத்ததில் நுழைத்தாள். திரும்பவில்லை. மூன்றாவதும் அப்படித்தான். நாலாவது திறந்தது.

சாவிக்கொத்தோடு நிமிர்ந்த மாரிக்கண்ணு அதைப் பார்த்துவிட்டார். தொண்டையைச் செருமினார். "நூத்தியிருவது ரூவாப் பூட்டுல என்னத்தம்மா எதிர்பாக்க? பூட்டு செய்யுதவன் அஞ்சாறு சாவியத்தான் மாத்தி மாத்திப் போடுதான். கடைக்காரங்களுக்குத் தெரிஞ்சதுதான்."

"எனக்குத் தெரியாதே அண்ணாச்சி. இது எத்தன வித்திருப்பிய?"

"பள்ளிக்கூடத்துப் பிள்ளேள் பூரா இதான். முந்நூறு இருக்கும்."

வெளியே ஹாரன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. பிறகு ஆவுடைநாயகமே உள்ளே வந்தான். "ஒரு பூட்டு வாங்க இம்புட்டு நேரமாட்டி?"

அவன் கண் முன்னால் முதல் பூட்டை அழுத்திப் பூட்டினாள். பழைய சாவியால் திறந்தாள். நாலாவதையும் அப்படியே செய்து காட்டினாள்.

அவன் பூட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "அதுக்காவ அவன் எடுக்கலன்னு ஆயிருமா?"

"ஆகாது. எடுத்தாருன்னும் ஆகாதுல்லா."

மாரிக்கண்ணு ஏதோ தேடுவதுபோல மறுபடி குனிந்துகொண்டார்.

"நாலு பேரு முன்னால கைய வச்சிருக்கேன், சங்கரி." அண்ணனின் குரல் தாழ்ந்திருந்தது. "இப்போ இதக் கொண்டுபோயி அங்கன வச்சா, எம் மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க?"

தலைக்கு மேலே மின்விசிறி கரகரவென்று சுற்றியது.

"நான் அவரு கன்னத்த நெனைக்கேண்ணே" என்றாள்.

இரும்பு வளையத்துக்கும் திறந்த இரண்டு மஞ்சள் பூட்டுகளுக்கும் பணத்தைக் கொடுத்தாள்.

ஸ்டேஷனில் பிச்சைக்கண்ணு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார். புகார் எழுதும் ரைட்டர் தாளை அவள் பக்கம் தள்ளினார். அவள் இரண்டு பூட்டையும் அதன் மேல் வைத்து, ஒரே சாவியால் இரண்டையும் திறந்தாள். "காணாமப் போச்சுன்னு மட்டும் எழுதிக்கிடுங்க சார். பேரு வேண்டாம்." ஆவுடைநாயகம் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான்.

பிச்சைக்கண்ணு பூட்டுகளையே வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டையைத் தூக்கி, அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. அவர் அதை அவள் சாவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதயும் வச்சுக்கோ தாயி. இனி யாரு சாவியும் எனக்கு வேண்டாம்."

மறுநாள் காலை அவள் புதுச் சைக்கிளை அதே இடத்தில் நிறுத்தி, இரும்பு வளையத்தை மாட்டினாள். அவர் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. வேன் வந்தது. வளையத்தின் இரண்டு சாவிகளும் அவள் பைக்குள் ஒன்றோடொன்று உரசின. பத்து மணிக்கு வெயில் வரும்.