கருங்காலிச் சித்தப்பா

எல்லாருக்கும் வீட்டுக்குப் போய் அழைப்புச் சொல்லிவிட்டால் கலியாணத்தில் குறை வராது என்று நம்பியிருந்தாள் லண்டன் நோர்பரியில் இருக்கும் சிவகௌரி. சொன்னதாலேயே கலியாணம் குழம்பப் பார்க்கும் என்பது மகள் லக்‌ஷிகாவின் தாலி கட்டு அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளை லூக், வட இங்கிலாந்தில் டராம் பக்கம் எல்டர்பெக் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊர்ப் பெடியன். சுரங்கம் மூடிப் பல காலம். கரிமேடு இருந்த இடத்தில் புல் வளர்ந்து ஆடு மேய்கிறது. ஆனால் ஊர்க்காரரைப் பார்த்தால் நேற்றுத்தான் ஷிப்ட் முடித்து மேலே வந்தவர்கள் மாதிரி. எங்கே போனாலும் ஊரோடு போவார்கள், ஊரோடு வருவார்கள். கலியாணத்துக்கும் சுரங்கத்துப் பித்தளை வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு ஒரு கோச் பஸ் நிறைய லண்டன் சட்டன் மண்டபத்தில் வந்து இறங்கிவிட்டார்கள்.

லூக்கின் தகப்பன் அலனுக்கு ஒரு தம்பி, பெயர் டெரிக், ஸ்ட்ரெதமில் இருக்கிறார் என்று லூக் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான். சிவகௌரிக்கு அது போதாதா?

"அவையளே அந்தாளைக் கூப்பிடேல்லையெண்டால் ஏதும் காரணம் இருக்குமப்பா," என்றார் கணவர் இராஜேந்திரன்.

"பெடியன்ர சொந்தச் சித்தப்பா, கூப்பிடு தூரத்திலை இருக்கிறார். சொல்லாமல் விட்டிட்டு ஆற்றை முகத்திலை முழிக்கிறது?"

பலகாரமும் கார்டுமாகப் போய்ச் சொல்லிவிட்டே வந்தாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற தனிக்கட்டை மனிதர். "அலனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாமல் இருக்குமா, கூடப்பிறந்தவர்தானே என்ற நினைப்பில், "ஓ, தெரியும்" என்று கூசாமல் சொல்லி வைத்தாள்.

கலியாணத்தன்று டெரிக் மண்டபத்துக்குள் காலை வைத்ததும் பித்தளை வாத்தியம் பாதியில் நின்றது. அலன் நேரே சிவகௌரியிடம் வந்தார்.

"அவன் இருந்தால் நாங்கள் இல்லை. கோச் வெளியேதான் நிற்கிறது."

லூக் அவளை ஓரமாக இழுத்து விஷயத்தைச் சொன்னான். எண்பத்து நாலாம் ஆண்டுச் சுரங்க வேலைநிறுத்தத்தில் ஊரே ஒரு வருஷம் சம்பளமில்லாமல் பொது மண்டபத்து சூப்பைக் குடித்துக் கிடந்ததாம். முடியச் சில வாரம் இருக்கையில் சித்தப்பா பொலிஸ் காவலோடு வேலைக்குப் போய்விட்டாராம். கருங்காலி. அன்றிலிருந்து அந்த ஊரில் ஒருவரும் அவரோடு ஒரு சொல் பேசியதில்லை.

மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனால் பிள்ளை என்ன ஆவாள்? ஆனால் அந்தக் கோபம் சிவகௌரிக்குப் புதிதில்லை. வேலிச் சண்டையால் கூடப்பிறந்தவரோடு பேசாமலே செத்தவர்கள் அவள் ஊரிலும் உண்டு. சமாதானம் பேசினால் காரியம் கெடும்.

"அவரோடை கதைக்கச் சொல்லேல்லை," என்று அலனிடம் இங்கிலீஷில் சொன்னாள். "அவர் தானாய் வரேல்லை. நான்தான் போய்க் கூப்பிட்டனான். கோபத்தை என்னிலை காட்டுங்கோ, என்ர பிள்ளையிலை வேண்டாம்."

ஊர் அலனைப் பார்த்தது. அலன் மணவறையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். ஊரும் உட்கார்ந்தது. தாலி ஏறிய பிறகுதான் சிவகௌரிக்கு மூச்சு வந்தது.

சாப்பாட்டு மேசையில் டெரிக்குக்குப் பக்கத்தில் யாருமில்லை. கூப்பிட்டவளுக்கு மனம் பொறுக்குமா? சிவகௌரி போய்ப் பக்கத்தில் இருந்தாள். சற்றுப் பொறுத்து அவளுக்கு மற்றப் பக்கக் கதிரையை இழுத்து அலன் இருந்தார். முகம் மட்டும் சுவரைப் பார்த்தபடி.

"கத்தரிக்காய்க் கறி உறைக்குமா என்று அவனிடம் கேளுங்கள்."

"உறைக்குமோ எண்டு கேக்கிறார்," என்றாள் சிவகௌரி.

"உறைக்கும் என்று சொல்லுங்கள்," என்றார் டெரிக்.

இங்கிலீஷிலிருந்து இங்கிலீஷுக்கு அவள் மொழிபெயர்த்தாள். இராஜேந்திரனோடு கோபம் என்றால் அவள் வீட்டிலும் மகளை நடுவில் வைத்து இந்த வித்தைதான் நடக்கும். இந்தப் பக்கமிருந்து முழங்கால் வலிக் கதை போனது, அந்தப் பக்கமிருந்து பஸ் ஓட்டிய கதை வந்தது. அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

அப்போது அலன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அம்மா சாகிற நேரத்தில் அவனைத்தான் கேட்டாள் என்று சொல்லுங்கள். நான்தான் ஆளனுப்பவில்லை என்றும் சொல்லுங்கள்."

சிவகௌரி டெரிக் பக்கம் திரும்பினாள்.

அவள் வாய் திறக்குமுன் டெரிக் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"காதில் விழுந்தது என்று சொல்லுங்கள்."

பாயசம் கொண்டு வாறன் என்று சிவகௌரி எழுந்தாள். போகும்போது நடுவில் இருந்த தன் கதிரையையும் கையோடு தூக்கிக்கொண்டு போனாள்.