இருபதாம் பாடத்தின் சுயமதிப்பீடு

“கிழிக்கேலாது பர்ஹா! கிழிச்சா அண்ணா பெயில்!”

குளியலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் அருந்ததி கதைத்தாள். கவிழ்த்த வாளியின் மேல் குந்தியிருந்தாள். மடியில் அண்ணாவின் நீலக் கோப்பு விரிந்து கிடந்தது. தாளில் ஈரம் பட்டுவிடும் என்ற பயத்தில் முழங்கால்களை நெருக்கி வைத்திருந்தாள்.

“மொதல்ல மூச்ச விடு. என்னத்தக் கிழிக்கிற? எனக்கு ஒண்டுமே வெளங்கல்ல,” என்றாள் போனில் பர்ஹா. “அந்தப் பைப்பயும் மூடு. பில் வந்தா ஒங்க அப்பா ஒன்னக் கிழிப்பாரு.”

“அவள் கதைச்சிட்டாளாம். நான் எழுதின மாதிரியே இண்டைக்குக் கதைச்சிட்டாளாம்.”

“யாருடி?”

“பிறிஜெற்.”

“அது யாரு?”

“அப்பிடி ஒரு ஆள் இல்லை, பர்ஹா. அதுதான் சொல்லுறன்.”

கடற்கரைப் பக்கத்தில் ரயிலொன்று போனது. வெள்ளவத்தையின் அந்தப் பழைய தொடர்மாடியில் ரயில் போனால் சவர்க்காரப் பெட்டிகூட நடுங்கும். நடுக்கம் அடங்கும்வரை அருந்ததி கோப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

அவளுடைய அண்ணா கிஷாந்த் கம்பஸில் கணிதம் படிக்கும் இறுதியாண்டுக்காரன். முன்பெல்லாம் பட்டம் எடுத்தவர்கள் அரச வர்த்தமானி இதழில் அறிவித்தல் வரும்வரை காத்திருந்து, போட்டிப் பரீட்சை எழுதி, நியமனம் கிடைத்த பிறகுதான் ஆசிரியர் பயிற்சிக்குப் போவார்கள். அவர்களுடைய மச்சான் சாந்தகுமார் பௌதிகவியலில் பட்டம் வாங்கிவிட்டு நாலு வருடமாக நுகேகொடையில் ஒரு போன் கடையில் நிற்கிறார். இந்த வருடம்தான் கம்பஸில் புதுப்பாதை ஒன்று திறந்தது. படிக்கும்போதே ஒரு பாடசாலையில் இருபது பாடம் நடத்த வேண்டும். கடைசிப் பாடத்தைப் பரீட்சகர் வந்து பார்ப்பார். அவர் சரியென்றால் பட்டத்தோடு ஆசிரியர் சான்றிதழும் கையில் வந்துவிடும். பிழைத்தால் சாந்தகுமார் மச்சானுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு பாடத்துக்கும் கோப்பில் ஒரு பக்கம். மேலே வருகை, நடுவில் பாடக்குறிப்பு, அடியில் சுயமதிப்பீடு. வகுப்பில் என்ன நடந்தது, எது சரிவந்தது, எது பிழைத்தது என்று பாடம் முடிந்த பிறகு எழுத வேண்டிய இடம் அது. ஆனால் பாடம் முடிந்த பிறகு அதை எழுதுகிற ஒருவரையும் அந்த பட்ச்சில் காணமுடியாது. எல்லாரும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்கள். கிஷாந்தும் இருபது பக்கத்திலும் ‘மாணவர்கள் ஆர்வத்துடன் பங்குபற்றினர்’ என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தான். மேற்பார்வை செய்யும் சண்முகலிங்கம் சேர் அதை மேசையில் எறிந்தார்.

“என்ன தம்பி, இருபது நாளும் ஒரே ஆர்வமோ? ஒரு பிள்ளை சிரிக்கேல்லையோ, அழேல்லையோ? ஒண்டுக்கும் பேர் இல்லையோ?”

புதுக் கோப்பொன்று கொடுத்தார். தாள் மாற்ற முடியாதபடி ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் முத்திரை குத்தியிருந்தார். அதைக் கொண்டுவந்து பௌர்ணமிப் போயா லீவு நாளில் கிஷாந்த் தங்கச்சியின் கட்டிலில் போட்டான்.

“உனக்குத்தானே கதை விடத் தெரியும். பிள்ளையளின்ர பேரைப் போட்டு விளாசு. ஒரு பலூடா வாங்கித் தாறன்.”

“ரெண்டு.”

“சரி, தின்னி. ரெண்டு.”

வகுப்புப் பெயர்ப்பட்டியலைப் போனில் படம்பிடித்து அனுப்பியிருந்தான். அருந்ததி வரிகளை எண்ணினாள். முப்பத்தொன்று. இருபது பக்கத்திலும் வருகை 31 என்று ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு போனாள். முதல் வரியில் இருந்தது வகுப்பாசிரியையின் பெயர் என்பதை அவள் கவனிக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் இருந்த அந்த ஒன்பதாம் தர வகுப்பில் பிள்ளைகள் முப்பது பேர்தான்.

பட்டியலில் இருந்த பெயர்கள் போதாமல், கேட்க நன்றாக இருக்கிறதே என்று ஒரு பெயரைத் தானே சேர்த்தாள். பிறிஜெற். கடைசி வரிசை வாங்கில் இருப்பாள். இடது கையால் எழுதுவாள். கேட்டால் பதில் சொல்லமாட்டாள், ஆனால் கொப்பியில் விடை சரியாக இருக்கும்.

மூன்றாம் பாடம் முடிந்த அன்று கிஷாந்த் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: “பின்வாங்கில ஒரு பிள்ளை இருக்குதடி. வாயே திறக்காது. இடக்கை. ஆனா விடையெல்லாம் சரி.”

“வாசிச்சிட்டு எனக்கே கதை சொல்லுறீங்கள் என்ன?”

“உன்ர முத்தெழுத்தை நான் ஏன் வாசிக்க? சேர் வாசிச்சாப் போதும்.”

அண்ணா பகிடி விடுகிறான் என்றுதான் நினைத்தாள். ஒன்பதாம் பாடத்தில் சோக்குக் கட்டி மூன்றாக உடைந்தது. இரண்டு துண்டுதான் கிடைத்தது. அவளும் அப்படித்தான் எழுதியிருந்தாள். பதின்மூன்றாம் பக்கத்தில், ‘பிரசாந் சிரிக்கத் தொடங்கினான், நிறுத்தவில்லை’ என்று எழுதியிருந்தாள். அன்று அந்தப் பெடியனைச் சிரித்தபடியே தூக்கிக்கொண்டு போய் நோயாளர் அறையில் படுக்க வைத்தார்களாம். அதைச் சொல்லும்போது கிஷாந்தின் முகத்தில் பகிடி இருக்கவில்லை.

இன்று பத்தொன்பதாம் பாடம். அந்தப் பக்கத்தில் அவள் எழுதியிருந்தது ஒரே வரி: ‘பிறிஜெற் முதல் தடவையாகப் பேசினாள்.’ என்ன பேசினாள் என்று எழுதவில்லை. அவளுக்கு அப்போது நித்திரை வந்துவிட்டது.

“பிறிஜெற் இண்டைக்குக் கதைச்சவள்,” என்றான் கிஷாந்த், இரவுச் சாப்பாட்டில்.

“என்ன சொன்னவள்?”

“‘நாளைக்கு நான் படிப்பிக்கிறன் சேர், நீங்கள் இருங்கோ’ எண்டாள்.”

சோற்றை அப்படியே வைத்துவிட்டு, அவனுடைய பையிலிருந்து கோப்பை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடியவள்தான்.

“இருவதாவதுல என்னத்த எழுதி வெச்சிருக்க?” பர்ஹாவின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

அருந்ததி வாசித்தாள். “‘கடைசிப் பத்து நிமிடம் ஆசிரியர் வகுப்பில் இல்லை. பிறிஜெற் கரும்பலகையில் பாடத்தை முடித்தாள். எவரும் எழுந்து போகவில்லை.’”

“அல்லாஹ்வே. ஏன்டி இப்பிடி எழுதின?”

“பிள்ளையள் தாங்களாப் படிக்கிற மாதிரிக் காட்டினா பரீட்சகருக்குப் பிடிக்குமாம். சேர் அண்ணாட்டச் சொன்னவராம். வெளிய போன அண்ணா திரும்பி வந்ததெண்டு எழுத மறந்திட்டன், பர்ஹா.”

“டிப்பெக்ஸ் போட்டு அழி.”

“போட்டா அந்தப் பாடம் கணக்கில வராது.”

“கீழ எடம் ஈக்குதா?”

அடியில் ஒரு வரி மிச்சம் இருந்தது.

“அப்ப வந்துட்டாருன்னு எழுதிவிடு. அவ்வளவுதான். கை நடுங்காம எழுது.”

அதே பேனையால் எழுதினாள். ‘கிஷாந்த் சேர் திரும்பி வந்தார்.’ மை காயும்வரை ஊதினாள். எழுத்து மறையவில்லை, அசையவில்லை. குழாயை மூடினாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே வெளியே வந்தாள்.

கிஷாந்த் நாளைய சேர்ட்டுக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினாள். அவன் சிரித்தான்.

“லூசு. நீ எண்ணினதில முதல் வரி வகுப்பு மிஸ்ஸின்ர பேர். பிள்ளையள் முப்பது பேர்தான்.”

“அப்ப பிறிஜெற் அந்த லிஸ்ட்டில இருக்கிறாளோ?”

“இல்லை. அது பழைய லிஸ்ட்டாக்கும் எண்டு நினைச்சனான். ஒவ்வொரு நாளும் எண்ணினா...” அவன் நிறுத்தினான். “முப்பத்தொண்டுதான் வரும்.”

அயன்பெட்டி அசையாமல் நின்றது. கருகல் மணம் வந்த பிறகுதான் அவன் அதைத் தூக்கினான். கழுத்துப்பட்டியில் பழுப்பு நிறத்தில் ஒரு முக்கோணம் விழுந்திருந்தது.

“போகாதேங்கோ, அண்ணா.”

“போகாட்டி இருபது பாடமும் வீண், அரு. நான் வகுப்பை விட்டு வெளிய போகமாட்டன். கட்டி இழுத்தாலும் போகமாட்டன். சரியோ?”

“நானும் வாறன். பின்வாங்கில இருக்கிறன். உங்களைப் பாத்துக்கொண்டே இருப்பன்.”

மறுப்பான் என்று நினைத்தாள். அவன் தலையாட்டினான். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

கோப்பைப் பைக்குள் வைக்க வாங்கியவன் இருபதாம் பக்கத்தை ஒருமுறை பார்த்தான். புருவம் சுருங்கியது.

“இதில மட்டும் ஏன் முப்பத்திரண்டு போட்டனீ?”

அருந்ததி எட்டிப் பார்த்தாள். வருகை: 32. அவளுடைய எழுத்து. அவள் போடுகிற அதே வளைந்த மூன்று, அதே வால் நீண்ட இரண்டு. சற்று முன் அவள் தொட்டது அடியில் இருந்த கடைசி வரியை மட்டும்தான். மேலே கை வைக்கவே இல்லை. விரலால் தேய்த்துப் பார்த்தாள். மை எப்போதோ காய்ந்திருந்தது.

‘எவரும் எழுந்து போகவில்லை’ என்று அவளே எழுதியிருக்கிறாள். அப்படியென்றால் அண்ணா கதவைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. பிறிஜெற் சொன்னது போல அவன் பிள்ளைகளோடு வாங்கில் இருந்துவிட்டால் போதும், வகுப்பில் ஆசிரியர் இல்லாமல் போய்விடும். முப்பது பிள்ளைகள். பிறிஜெற்றோடு முப்பத்தொன்று. இன்னும் ஓர் இடம் மிச்சம் இருக்கிறது.

“அருந்ததி? லைன்ல ஈக்கியா?” கையிலிருந்த போனில் பர்ஹா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நாளைக்கு அந்த வாங்கில் முப்பத்திரண்டாவதாக இருக்கப்போவது அண்ணாவா, நானும் வருகிறேன் என்று சற்று முன் தானாகவே சொல்லிவிட்ட அவளா?